அட்டையில் இருந்த தொண்ணூற்றெட்டுக் கிலோ

வரதராசாவுக்குச் சாப்பாட்டில் ஒரு கொள்கை உண்டு: கேட்டுப் போடுபவளின் மனத்தை நோகடிக்கக்கூடாது. அந்தக் கொள்கையைப் பிடித்துக்கொண்டே ஐம்பத்தெட்டு வயதில் தொண்ணூற்றெட்டுக் கிலோவுக்கு வந்து சேர்ந்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தானாகவே வந்தது. காலில் பட்ட சின்னக் காயம் மூன்று மாதமாக ஆறவில்லை.

வெள்ளவத்தையில் அவர் இருந்த மாடிக்கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் நளீபா இருந்தார். ஓய்வுபெற்ற தாதி. ஆளைப் பார்த்ததும் நிறையைச் சொல்லிவிடுவார். கட்டிடத்தில் பாதிப் பேருக்குச் சீனி என்று கண்டதும் 2006இன் கடைசியில் நடைச் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். காலை ஆறு மணிக்குக் கடற்கரை வீதியில் நடை, இரவில் கேழ்வரகான குரக்கனில் பிட்டு, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் என்ற பேச்சே கூடாது.

"நடக்காட்டி அந்தக் காலை வெட்டத்தான் வரும், வரதராசாண்ணன்," என்றார் நளீபா.

வரதராசா பயந்த மனிதர். நடந்தார். மனைவி ஜெகதீஸ்வரி யன்னலில் நின்று, "மனுசி சொல்லேக்க கேளாத மனுசன், நேர்ஸ் சொன்னோடன ஓடுறார்," என்று அடுத்த வீட்டுக்கும் கேட்கச் சொன்னாள். எட்டு மாதத்தில் இருபத்தாறு கிலோ போயிற்று. கன்னம் ஒட்டியது, கழுத்து வெளியே வந்தது, காயமும் ஆறியது. அவர் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு நடை நடந்திருக்கலாம்.

ஒருநாள் காலை நடை முடிந்து வரும்போது சந்தியில் போர்க்காலச் சோதனை. அடையாள அட்டையை நீட்டினார். பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மே ஓயாத?" இது நீயா என்கிறார்.

அட்டையில் இருந்தவருக்குக் கழுத்தே இல்லை. நடந்து மெலிந்தேன் என்று வரதராசா தன் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னது, நடந்தே வடக்கிலிருந்து வந்தேன் என்பதுபோல் ஆகிவிட்டது. வேறொருவரின் அட்டையோடு திரிகிறார் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய தமிழன் எப்போது இறங்குவான் என்று யாருக்கும் தெரியாது.

செய்தி கேட்டு ஜெகதீஸ்வரி கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நளீபாவோடு நிலையத்துக்கு ஓடினாள். அகப்பட்டது கலியாணப் படம். இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளை மெலிவு. எதிரே நிற்பவரும் மெலிவு. சரி, அப்போது அட்டையில் இருக்கும் தடியர் யார் என்று கேட்டார்.

"அதுவும் இவர்தான் சேர்," என்றாள் ஜெகதீஸ்வரி. "இடையில வந்தவர்."

நளீபா அதைச் சிங்களத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் மாலைவரை இருத்தித்தான் விட்டார். புது அட்டை எடு, இல்லாவிட்டால் அடுத்தமுறை இப்படி விடமாட்டோம் என்ற எச்சரிக்கையோடு.

புது அட்டைக்குச் சொந்த ஊரின் கிராம அலுவலரான விதானையாரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஊர் வடக்கே சாவகச்சேரி, சண்டையால் பாதை பூட்டு.

ஜெகதீஸ்வரிக்கு வழி உடனே தெரிந்தது. அட்டை மாறாவிட்டால் ஆள் மாறவேண்டியதுதான். அன்றிரவே வெள்ளைப் பிட்டும் ஆட்டிறைச்சியும் மேசைக்கு வந்தன.

"இஞ்சருங்கோ, சாப்பிடுங்கோ. ரெண்டு மாசத்தில பழைய முகம் வந்திடும்."

வரதராசாவுக்கு வாயூறியது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே ஊறியது. ஒரு வாய் வைத்தார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளினார்.

"பிடிச்சுக்கொண்டு போனாலும் சொந்தக் காலில போவம், ஜெகதீஸ்."

அவள் பிட்டைத் திருப்பிச் சட்டியில் கொட்டிவிட்டு, அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். மறுநாள் ஆறு மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது, மகளின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீர் எங்க?"

"இது என்ர மனுசன்தான் எண்டு சொல்ல ஒரு ஆள் வேணுமே," என்று சொல்லி முன்னால் நடந்தாள்.