குத்துச்சண்டைக்காரரின் பாடுகள்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு வெள்ளி மாலை, ஆண்டவரின் பாடுகளைச் சித்திரிக்கும் படத்தைத் திரையிடுவது ஆரணியில் எங்கள் சிறு சபையின் வழக்கம். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதானபோது, அந்த வழக்கம் பிறழ்ந்தது. வாடகைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வந்தன. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் சிலுவை இருந்தது. உள்ளே இருந்ததோ வயதான குத்துச்சண்டைக்காரர் ஒருவரைப் பற்றிய ஆங்கிலப் படம்.

என் தந்தையார் பள்ளியில் தமிழாசிரியர், சபைக்கு உபதேசியார். பதிகமும் பாசுரமும் அவர் மேசையில் வேதாகமத்தோடு தோள் உரசிக் கிடக்கும். அடியவரைத் தேடிவந்து ஆட்கொள்ளும் இறைவனை யார் பாடினாலும் கண்ணீர் மல்கக் கேட்பார். அந்தச் செல்வத்தில் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுப் போனார். தறிக்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவிலும், உமி நீங்கி விழும் அரிசியிலும் அவருக்கு ஏதேனும் ஓர் அருட்பொருள் கிட்டிவிடும்.

அவ்வாண்டு வீட்டில் ஒரு கவலை இருந்தது. அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். கபடியில் அவர் மூச்சடக்கிப் பாடிப் போனால் எதிரணி கலையாமல் இராது என்பது சுற்றுவட்டாரப் பேச்சு. நாற்பதைத் தொட்டபோது, இதயம் பழுதுபட்டிருக்கிறது, இனி ஓடினால் உயிருக்கே ஆபத்து என்று வேலூரில் மருத்துவர் சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு மறுநாள் ஆலைக்காரர்களுக்கும் ஆரணித் தறிக்காரர்களுக்கும் நடக்கும் ஆட்டத்தில், ஒரே ஒரு தடவை பாடிவிட்டு நிறுத்திக்கொள்வதாக மாமாவின் பிடிவாதம். அம்மா உண்ணாமல் அழுதாள். நானோ, அவர் ஆடுவார் என்று வகுப்பு முழுதும் பெருமை பேசி வைத்திருந்தேன்.

அன்று பள்ளிக்கூட அறையில் சபையாரோடு, தறியை நிறுத்திவிட்டு வந்த அண்டைத் தெருக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். மாற்றித் தர வேண்டிய கேசட் கடைக்காரர் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தந்தையாருக்கு மனம் வரவில்லை. முன்வரிசையில் இருந்த நெசவாளர் ஒருவர் கேட்டார்:

“வாத்தியாரே, சாமி இன்னாங்க கையில உறை மாட்டிகினு கீறாரு?”

“இவரும் அடிபடப் போறவர்தாங்க. பாத்துகினே இருங்க, அர்த்தம் நான் சொல்றேன்.”

சொன்னார். மருத்துவர் அந்தக் கிழவரின் மார்பில் காது வைத்துக் கேட்டுத் தலையசைத்த பின்னும் அவர் மேடையேறியது, பாடுகள் என்னும் கசப்பான பாத்திரத்தை விலக்காத ஆண்டவரின் கீழ்ப்படிதல் ஆயிற்று. ஊளையிட்ட கூட்டம், சிலுவையில் அறையச் சொல்லிக் கத்திய எருசலேம் ஆயிற்று. இடையில் உதவியாளன் ஈரப் பஞ்சை அவர் வாயருகே நீட்டியபோது, “கடற்காளான்! சிலுவையில ஆண்டவருக்கு நீட்டின, காடியில தோய்ச்ச கடற்காளான்!” என்று தந்தையார் கூவியேவிட்டார். மூதாட்டிகள் முக்காட்டுக்குள் விம்மினார்கள். இறுதியில் கிழவர் கயிறுகளின்மேல் இரு கைகளையும் விரித்துச் சாய்ந்தார், தலை தொங்கியது, அசைவு நின்றது. தம்மையே கொடுத்துவிட்டார் என்று தந்தையார் சொல்லி முடித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். சபை நடுவில் அவள் வாய் திறந்து நான் கண்டதில்லை.

“யாருக்காகங்க குடுத்தாரு?”

ஒவ்வொரு காட்சிக்கும் பொருள் வைத்திருந்தவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த மாமாதான் பேசினார்.

“கைதட்டலுக்குதான்கா. வேற இன்னாத்துக்கு?”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். தந்தையார் முடிவு ஜெபத்தை மறந்து விளக்கைப் போட்டார்.

ஈஸ்டருக்கு மறுநாள் மைதானத்தில் மாமாவைப் பெயர் சொல்லி அழைத்ததும் கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அவர் கோட்டருகே வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுக்கொண்டார். ஆலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவனைத் தம் இடத்துக்கு அனுப்பிவிட்டு, லுங்கியைச் சுற்றிக்கொண்டு, எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாபா, நெஞ்சு உதறுதா?”

“ஏ பெருசு, ஜல்தியா வூட்டுக்குப் போயி சோறாக்கு!”

கத்தியவர்கள் அவரோடு மூட்டை சுமந்தவர்களே. தம் நோயைப் பற்றி அவர்களிடம் மாமா ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை, அப்போதும் சொல்லவில்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தையே பார்த்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மெல்ல நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கே வகுப்புத் தோழி என் தோளைத் தட்டினாள்.

“ஏய், அது உங்க மாமாதானே?”

“எங்க மாமா இல்ல. அவரு யாரோ.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் ஆட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று நாளைக்கு முன்புதான், பெரிய வெள்ளி ஆராதனையில், ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடன் பேதுரு சாதித்ததையும், அவர் திரும்பி அவனைப் பார்த்ததையும் சபையார் மெச்சும்படி ஓர் எழுத்தும் பிழையாமல் நான் வாசித்திருந்தேன். மைதானத்திலோ, வசவுக்குத் தப்பிவிட்ட நிம்மதியில், தோழி நீட்டிய வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.