மீட்டரில் ஃபுல் டேங்க்

போன வாரம் நல்ல மழை. செங்கம் ரோட்டில் தொப்பலாக நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், என் பைக்கின் டிஜிட்டல் மீட்டருக்குள் ஒரே மூட்டம். எவ்வளவு ஓடியிருக்கிறது, எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது... ஒன்றும் தெரியவில்லை.

தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"இதுக்கு ஏன் சார் கவலப்படறீங்க? சுத்தி சிலிகான் பேஸ்ட் வெச்சி அடைச்சி உட்டுட்டா ஒரு சொட்டு உள்ள போவாது" என்றார்.

"வேண்டாம்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பஞ்சர் ஒட்ட வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு பேஸ்ட்டுக்கு எதற்கு இவ்வளவு கோபம்? சொல்கிறேன்.

சேகர் என் தங்கையின் கணவன். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்காரன். அவனுடைய அண்ணன் ஏழுமலை நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இவன் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தான். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பைக் வாங்கினான். அவர்கள் தெருவிலேயே டிஜிட்டல் மீட்டர் வைத்த முதல் வண்டி அதுதான். முள் கிடையாது. ஸ்பீடை எண்ணாகவே காட்டும். பெட்ரோலுக்கு அடுக்கடுக்காகக் கட்டங்கள்.

வாங்கின அன்றே கோயில் வாசலில் பூஜை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குக் குளியல். வாளி வாளியாகத் தண்ணீரை மீட்டர் தலையிலேயே ஊற்றுவான். பிறகு கண்ணாடிக்கு மேலே விபூதிப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு.

"மாப்ள, இது வண்டியா, சாமியா?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான்.

இப்படிக் குளிப்பாட்டினால் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்குமா? கார்த்திகை மழையும் சேர்ந்துகொள்ள, ஒரு நாள் கண்ணாடி உள்பக்கம் வேர்த்துவிட்டது. சேகருக்கு மனசு கேட்கவில்லை. கடையிலிருந்து பேஸ்ட் வாங்கி வந்து, மீட்டரைச் சுற்றி ஓர் இடுக்கு விடாமல் அடைத்தான். அடியில் சின்னதாக ஓர் ஓட்டை இருந்தது. கம்பெனிக்காரன் மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று அதையும் அடைத்தான்.

கம்பெனிக்காரன் மறக்கவில்லை. உள்ளே சேரும் ஈரம் வெளியே போவதற்காக விட்ட வழி அது. வழியை அடைத்ததும் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. வெயிலில் ஆவியாகி, குளிரில் மறுபடி தண்ணீராகி, உள்ளே இருந்த போர்டை மெல்ல அரித்தது. வெளியே பார்த்தால் எல்லாம் ஜம்மென்று இருந்தது. பெட்ரோல் கட்டங்கள் அத்தனையும் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன...

வண்டி ஓடுகிறது, பெட்ரோல் குறையவில்லை என்றால் சந்தேகம் வராதா? பிற்பாடு இதை அவனிடமே கேட்டேன்.

"மைலேஜ் ஜாஸ்தி குடுக்குதுன்னு நெனச்சிட்டேன் மச்சான்" என்றான்.

கெட்ட சேதி என்றால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நல்ல சேதியை யார் விசாரிக்கிறோம்?

இன்னொன்றும் செய்திருந்தான். பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வில் திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டலாம் அல்லவா? அந்தக் குமிழை எப்போதும் ரிசர்விலேயே விட்டிருந்தான். மீட்டர்தான் எல்லாம் காட்டுகிறதே, இது எதற்கு?

அன்று பௌர்ணமி. பிற்பகல் நேரம். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்த ஏழுமலையை நல்ல பாம்பு காலில் கடித்துவிட்டது. கிரிவலக் கூட்டத்துக்காக டவுனுக்குப் போகும் அந்த ரோட்டில் எந்த வண்டியையும் விடவில்லை. போன் போட்டால் ஓடிவரும் ஆம்புலன்ஸெல்லாம் அப்போது கிடையாது. அண்ணனை நடுவில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரரைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சேகர் கிளம்பினான். தடுத்த போலீஸ்காரரே காலைப் பார்த்துவிட்டு, "போ, போ" என்று வழி விட்டார். கூட்டத்துக்குள் ஹாரன் அடித்து அடித்துப் பாதி தூரம் வந்திருப்பான். வண்டி இருமியது. நின்றுவிட்டது.

மீட்டரைப் பார்த்தான். ஃபுல். அப்படியானால் பிளக்கில்தான் கோளாறு! அண்ணனை ரோட்டோரம் உட்காரவைத்துவிட்டு பிளக்கைக் கழற்றினான். சட்டையில் துடைத்து மாட்டி உதைத்தான். மறுபடி கழற்றினான். அரோகரா சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் ஜனம் நடந்துகொண்டிருந்தது. சிலர் நின்று, "சோக் போடுப்பா", "தள்ளி ஸ்டார்ட் பண்ணு" என்றார்கள். தள்ளியும் பார்த்தான்.

ஏழுமலைக்கு இமை சரிய ஆரம்பித்திருந்தது. நாக்கு குழறியது.

"சேகரு... டேங்கத் தொறந்து பார்றா."

"ஃபுல்லா இருக்குதுண்ணா. மீட்டர் காட்டுது. நீ பேசாத இரு."

இன்னொரு தடவையும் சொன்னாராம். இவன் அப்போது ஒயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

பேச்சு நின்ற பிறகுதான் சேகர் மூடியைத் திறந்தான். உள்ளே வாசனை மட்டும்தான் இருந்தது. வண்டியை ஆட்டினான். சத்தமே இல்லை.

எதிரிலேயே ஒரு பெட்டிக்கடை. வாசலில் பாட்டில் பாட்டிலாகப் பெட்ரோல் வைத்திருந்தார்கள். இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்தது.

ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பெரியாஸ்பத்திரியில் மருந்து இருந்தது. டாக்டரும் இருந்தார். ஏழுமலையிடம்தான் மூச்சு இல்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டபோது, நான் ஓடிப்போய்ச் சேர்ந்திருந்தேன். சேகரின் கையெல்லாம் பிளக் கரி.

காரியம் முடிந்த பிறகுதான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். எனக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே அவனைப் பார்க்கவும் சகிக்கவில்லை. அண்ணியிடம் போய் அவனே சொல்லிவிட்டான். அந்த அம்மா எழுந்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இன்னமும் சொல்கிறான்.

இப்போது எந்த வண்டியை எடுத்தாலும் முதலில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறான். என் வண்டியாக இருந்தாலும் சரி. யாராவது சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறான்.

இந்த வாரப் பத்தியில் இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன்.

"எழுதுங்க மச்சான். அண்ணன் ரெண்டு தபா சொன்னத மட்டும் உட்றாதீங்க."

விடவில்லை, மாப்பிள்ளை.