எல்லார் வீட்டிலும் காலை மூடுபனி

பெயிண்டரை ஊரில் எல்லாரும் மூடுபனி என்றுதான் கூப்பிட்டார்கள். கலர் கடையில் தொங்கும் ஷேட் அட்டையில் பூ, பழம், கடல், காடு என்று எத்தனையோ கட்டங்கள் இருந்தும், ஊர் மொத்தமும் ஒரே கட்டத்தின் மேல் விரலை வைத்தது. அந்தக் கட்டத்தின் பெயர் 'காலை மூடுபனி'. பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் அது சாம்பல். அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டுவார்களே, அதே சாம்பல்.

வருடக்கணக்காக அவர் அதைத்தான் அடித்தார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் மூடுபனி. வக்கீல் வீடு, முடிவெட்டும் கடை, பல் பிடுங்கும் இடம், எல்லாம் மூடுபனி. அவர் கடைக்குள் கால் வைத்ததுமே கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த டப்பாவைத் தூக்கி மேஜைமேல் வைப்பார்.

இது சுவரோடு நிற்கவில்லை. சாம்பல் சோபா, வட்டக் கண்ணாடி, தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் செடி, கறுப்புச் சட்டத்துக்குள் ஒரே கோட்டில் வரைந்த முகம், ஒன்றும் போட்டு வைக்காத பிரம்புக் கூடை. எந்த வீட்டுக்குப் போனாலும் இவைதான். ஒரு வீட்டில் விட்டுவந்த ஏணியை இன்னொரு வீட்டில் போய்க் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரரும் குழம்பிப்போய்த் தம் சொந்த ஏணியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மனைவி தையல்காரி. அவளும் அதே வீடுகளுக்குத்தான் திண்டு உறை தைத்தாள், அதே சாம்பல் துணியில்.

"என்னங்க, நேத்து நீங்க தும்முனதுகூட மூடுபனியாத்தான் வந்துச்சு," என்பாள்.

ஆனால் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் மட்டும் கிளிப்பச்சை. குடிவந்த புதிதில், மிச்சம் கிடந்த மஞ்சளில் கொஞ்சம் நீலத்தை ஊற்றி, குச்சியால் கலக்கி அவரே அடித்தது. எந்த அட்டையிலும் அந்தப் பச்சை கிடையாது. வேலை முடிந்து வந்து, அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அவருக்கு உயிர் வரும். டீயெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தச் சுவருக்குத்தான் ஆபத்து வந்தது. மனைவியின் அண்ணன் போன தடவை வந்தபோது அதைப் பார்த்து, "என்ன மாப்ளே, கிளி இன்னும் பறந்து போகலையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார். அவர் வீடு தரையிலிருந்து விட்டம்வரை மூடுபனி. இப்போது மறுபடி வருகிறாராம்.

"அண்ணன் வர்றதுக்குள்ள இதுக்கும் மூடுபனி அடிச்சிருங்க," என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் அடிக்கிறீங்க. சொந்த வீட்டுக்கு அடிக்கக் கை வலிக்குதா?"

"ஊருக்கெல்லாம் அடிக்கிறதாலதான் வலிக்குது."

"அப்ப ஊர்ல யாருக்கும் ரசனை இல்ல, உங்களுக்கு மட்டும் பொங்கி வழியுதாக்கும்?"

"எனக்கு மட்டும்னு ஏன் சொல்றே? எங்கயாவது இன்னொருத்தர் இருப்பாரு."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள். "சரி. ஊரே கேக்குற கலரை விட்டுட்டு வேற கலர் கேக்குற ஆள் ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. வாயால கேட்டா மட்டும் போதாது. அந்த ஆள் அந்தக் கலருக்குள்ள சந்தோஷமா உக்காந்திருக்கறத நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டா உங்க கிளியைத் தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"ஊசி மேல சத்தியம்."

ஊசி மேல் செய்த சத்தியத்தை அவள் இதுவரை மீறியதில்லை. பெயிண்டர் போகிற இடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். "மேடம், ஒரு சுவர் மட்டும் ஊதாவா வச்சுக்கலாமா?" என்று கேட்ட வீட்டில், அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நம்பிக்கை போயிருந்த சமயத்தில் ரயில் டிரைவர் போன் செய்தார். ஓய்வு பெற்றவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். மகள் எப்போதாவது வந்து வீட்டை மாற்றி அமைத்துவிட்டுப் போவாள்.

"தம்பி, எனக்கு மாம்பழ மஞ்சள் வேணும். பளீர்னு இருக்கணும்."

பெயிண்டருக்குக் காதை நம்ப முடியவில்லை. "ஏன் சார்?" என்றார்.

"என் வீடு எதுன்னு எனக்குத் தெரியல தம்பி. போன வாரம் எவன் வீட்டு சோபாவுலயோ படுத்துத் தூங்கிட்டேன். அவங்களும் போர்வையெல்லாம் போத்தி விட்டிருக்காங்க, அவங்க மாமான்னு நினைச்சு."

நாலாவது மாடி, கதவருகே செடித்தொட்டி, தொட்டிக்கு அடியில் சாவி, வேலை முடியும்வரை தாம் பூங்காவில் இருப்பதாகச் சொன்னார் டிரைவர்.

மறுநாள் பெயிண்டர் மஞ்சள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு படியேறினார். இங்கேதான் தொழில் அவர் காலை வாரியது. பெயிண்டர்கள் தரைத்தளத்தையும் ஒரு மாடியாகத்தான் எண்ணுவார்கள். அதற்கும் சுவர் இருக்கிறதே, அதையும் அடித்தாக வேண்டுமே! ஆகவே அவருடைய நாலாவது மாடி, டிரைவருக்கும் மற்ற மனிதர்களுக்கும் மூன்றாவது மாடி. வெறும் கதவுதான் அழகு என்று எல்லாரும் எண் பலகையைக் கழற்றியிருந்தார்கள். செடித்தொட்டி இருந்தது. எல்லா மாடியிலும் இருந்தது. சாவியும் இருந்தது. உள்ளே சோபா, கண்ணாடி, கூடை, கோட்டு முகம் எல்லாம் எந்த வீட்டையும்போலவே இருந்தன.

பெயிண்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். ரோலர் சுவரில் ஏறியதும் அறைக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது. வாடை போகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். சாயங்காலம் ஒரு பெண் தலையை நீட்டினாள். கைபேசியில் வீட்டு அலங்காரம் காட்டிப் பேர் வாங்கியவள் அவள். கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். மஞ்சளைப் பார்த்து இரண்டு எட்டுப் பின்வாங்கினாள்.

"சாரிங்க, வேற மாடிக்கு வந்துட்டேன்."

"பரவாயில்ல மேடம், எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றார் பெயிண்டர் பெரிய மனதோடு.

அவள் ஒரு மாடி ஏறிப் போய், தொட்டியைத் தூக்கிச் சாவி எடுத்து, டிரைவர் வீட்டுக்குள் நுழைந்து காலை நீட்டினாள். அது அவள் வீடு இல்லை என்று சொல்ல அங்கே ஒரு பொருள்கூட இல்லை.

பூங்காவிலிருந்து திரும்பிய டிரைவர் தம் கதவைத் திறந்தார். சுவர் சாம்பல். சோபாவில் முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு பூசிய ஒரு பெண். "ஐயோ, மன்னிச்சிரும்மா, மறுபடியும் தப்பா வந்துட்டேன்!" என்று ஓடி இறங்கினார். கீழ் மாடியில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பளீரென்று மஞ்சள். அப்பாடா என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டாவது கோட்டுக்குப் பெயிண்டர் போனபோது டிரைவர் மஞ்சளுக்கு நடுவே ராஜாபோல் உட்கார்ந்திருந்தார். "அருமை தம்பி! ஆனா என் மக மறுபடி வந்து எதையோ மாத்திட்டா. சர்க்கரையே காணோம். எல்லா டப்பாவுலயும் விதை."

பெயிண்டர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். "கிளம்பி வா. ஆள் உக்காந்திருக்காரு, மஞ்சளுக்குள்ள, சந்தோஷமா."

மனைவி வருவதற்குள், நேற்றுத் தலையை நீட்டிய பெண் மேல் மாடியிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "சார், இந்தக் கட்டடத்துல உங்க வீடுதான் அடையாளம் தெரியுது, அதான் உங்ககிட்ட வந்தேன். என் குளியலறையில யாரோ ஒரு ஆளு ஷேவிங் பிரஷ் வச்சிருக்கான். அலமாரியில பச்சைக் கொடி, சிவப்புக் கொடி!"

"கொடி என்னோடதும்மா," என்றார் டிரைவர்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க போட்டிருக்கிற சட்டை என் வீட்டுக்காரரோடது."

"எனக்கும் அக்குள்ல இறுக்கமாத்தான் இருந்துச்சு."

பெயிண்டருக்கு அப்போதுதான் விளங்கியது. மனதுக்குள் தரைத்தளத்திலிருந்து மாடிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் தன் மஞ்சள் சுவரைப் பார்த்து அலறிய அலறலில் பக்கத்து வீட்டு வட்டக் கண்ணாடி சாய்ந்தது. இருட்டுவதற்குள் மூடுபனி திரும்பி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்றாள். பெயிண்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். எதிரே வந்த மனைவி கேட்டாள், "எங்க உங்க சந்தோஷமான ஆளு?"

"இன்னும் ஆள் சரியா அமையல," என்றார் பெயிண்டர்.

அவர் டப்பாவோடு திரும்புவதற்குள் வேறொன்று நடந்திருந்தது. அந்தப் பெண் நியாயம் கேட்பதற்காக, மஞ்சள் சுவர் முன்னால் நின்று அழுது, அதைப் படமெடுத்துக் கைபேசியில் போட்டிருந்தாள். பார்த்தவர்களில் ஒருவர்கூட ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது, 'அது என்ன ஷேட்?'

"அந்த டப்பாவைத் திறக்காதீங்க!" என்று வாசலிலேயே பெயிண்டரை மறித்தாள். அவள் முகம் மஞ்சளுக்கு எதிரே தகதகவென்றிருந்தது. "இது நானே யோசிச்சுப் பண்ணினதுன்னு சொல்லிட்டேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

பிறகு ஊர் மஞ்சளானது. வக்கீல் வீடு மஞ்சள். பல் பிடுங்கும் இடம் மஞ்சள். கடைக்காரர் மஞ்சள் டப்பாவைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊரார் பெயிண்டரை மாம்பழம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்த அவசரத்தில் டிரைவர் வீட்டு முறை மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. மனைவி மஞ்சள் துணியில் திண்டு உறை தைத்துத் தள்ளினாள்.

"அண்ணன் வீட்டுலயும் மஞ்சள் அடிச்சாச்சாம். நாளைக்கு இங்க வருது," என்றாள். "ஆளைக் காட்டுறேன், ஆளைக் காட்டுறேன்னு சொல்லிட்டு ஊரையே காட்டிட்டீங்க. இனி கிளிக்கு மஞ்சள்தான். டப்பாவை எடுங்க."

பெயிண்டர் பச்சைச் சுவரின் முன்னால் உட்கார்ந்தார். கையில் உப்புத்தாள். சுவரைத் தேய்க்க மனம் வராமல் தம் கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, நான்தான் ரயிலு. எனக்கு மஞ்சள் வேணாம். அடிச்சுக் கிடிச்சு வைக்காத."

"ஏன் சார், ஆசையாக் கேட்டீங்களே?"

"நேத்து சாயங்காலம் கீழ் வீட்டு சோபாவுல தூங்கிட்டேன். மஞ்சளாத் தெரிஞ்சா என் வீடுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. இப்ப கட்டடம் பூரா மஞ்சள். என் வீடு மட்டும்தான் சாம்பல். எனக்கு அந்தச் சாம்பலே இருக்கட்டும். முடிஞ்சா அதுக்கு மேல புதுசா ஒரு கோட் அடிச்சு விடு."

பெயிண்டர் துள்ளி எழுந்ததில் நாற்காலி மல்லாந்தது. எந்த டப்பாவைக் கண்டால் அவருக்குக் குமட்டுமோ, அதே மூடுபனியைத் தோளில் சுமந்துகொண்டு, மனைவியின் கையையும் பிடித்துக்கொண்டு ஓடினார். இந்த முறை மற்ற மனிதர்களைப்போல் மாடிகளை எண்ணி ஏறினார். ரோலர் சுவரில் சாம்பலை இழுக்க இழுக்க, டிரைவர் சோபாவில் சாய்ந்து, தம் சொந்தச் சட்டையில், சொந்தச் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, சந்தோஷமா இருக்கீங்களா?" என்று மனைவி அவர் எதிரே குனிந்து சந்தேகத்தோடு கேட்டாள்.

"வீடு கிடைச்சிருச்சேம்மா!"

மனைவி நீண்ட மூச்சு விட்டாள். ஊசி மேல் செய்த சத்தியம்.

மறுநாள் அண்ணன் வந்தார். பச்சைச் சுவரைப் பார்த்ததும் வழக்கம்போல் சிரிக்க வாயைத் திறந்தார். ஆனால் சிரிப்பு வரவில்லை. கண்ணைச் சுருக்கினார். கிட்டப் போனார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கைபேசியை எடுத்தார்.

"மாப்ளே, நல்லாத்தான்யா இருக்கு. எங்க தெருவுல யார்கிட்டயும் இது இல்ல. என்ன ஷேட் இது?"

பெயிண்டருக்கு வக்கீல் வீடு, முடிவெட்டும் கடை, பல் பிடுங்கும் இடம் எல்லாம் பச்சையாகக் கண்முன் வந்து நின்றன.

"ஷேட் இல்ல மச்சான்," என்றார். "பாசி."

அண்ணன் சுவரில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்து வேட்டியில் துடைத்தார். நம்பலாமா என்று தங்கையைப் பார்த்தார். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"ஆமாண்ணே," என்றாள். "மழை பெஞ்சா இன்னும் பச்சையாகும். நீங்க நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க."