வலது தோள், பதினொரு மில்லிமீட்டர்

ஆல்ஸ்ட் நகரத்தில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. தெண்டர் ஆற்றங்கரை ஆடைக்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள் தைக்கிற கோட்டெல்லாம் வலது பக்கம் சரியுமாம். காரணம் மட்டும் ஆளுக்கொன்று. கல்லூரிக் கட்டடமே ஆற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது, அதில் மேசை போட்டு வெட்டினால் துணி வேறெப்படி வரும் என்பார் மீன்கடைக்காரர். கார்னிவல் திருவிழாவுக்குப் பெண்வேடம் கட்டுகிற ஆண்களுக்குத் தைத்துத் தைத்துக் கைப்பழக்கம் கெட்டுவிட்டது என்பார் முடிதிருத்துபவர். இருவருமே அந்தக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவர்கள் இல்லை என்பதால் இருவருக்கும் சந்தேகமே கிடையாது.

சோதித்துப் பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ரயில்நிலையத்துக்கு எதிரே உள்ள காப்பிக்கடையில் சனிக்கிழமை காலையில் கோட்டு மாட்டும் கொக்கிகள் நிரம்பி வழியும். கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் எந்தத் தையல்காரர் வேலை என்று தெரிந்துவிடும். கல்லூரியின் பழைய மாணவர்கள் தைத்தவை ஏழு. இஞ்ச் டேப் வைத்துப் பார்த்ததில் ஆறில் ஐந்துக்கு வலது தோள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. ஏழாவது கோட்டின் சொந்தக்காரர் கழிவறையிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டதால் அது அளக்கப்படவில்லை.

ஆக, பேச்சு உண்மை. காரணங்கள்தான் பொய். உண்மையான காரணத்தின் பெயர் லுட்கார்ட் வான் நுஃபெல்.

லுட்கார்டுக்கு ஐம்பத்தேழு வயது. கல்லூரியில் அவருக்கு வேலை, நிற்பது. முழங்கால் உயர மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏறி, வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் நிற்பார். மாணவர்கள் அவர்மேல் காடாத்துணியைச் சுற்றி, குண்டூசி குத்தி, அந்தப் பக்கம் போய்ப் பார்த்து, இந்தப் பக்கம் வந்து பார்த்து, பெருமூச்சு விட்டுப் பிரிப்பார்கள். முப்பத்துமூன்று வருடமாக அவர் முப்பத்தெட்டாம் நம்பர் அளவு. மார்பு எண்பத்தெட்டு, இடுப்பு எழுபது, கீழே தொண்ணூற்றாறு. திங்கட்கிழமை எட்டேகாலுக்கு வெட்டறைத் தலைவர் ஃபிர்மேன் அவரை அளந்து நோட்டில் எழுதுவார். இந்த எண்கள் மாறாமல் இருக்க லுட்கார்ட் பட்ட பாட்டைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கட்டுரை வாசித்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை கணவர் ஓமேர் வாங்கிவரும் வறுத்த உருளைக்கிழங்கில் அவருடைய பங்கு பதினொரு துண்டு. கார்னிவல் மூன்று நாள் மட்டும் கணக்கு கிடையாது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஃபிர்மேன் டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார்.

பதினாறு வயதிலிருந்து லுட்கார்ட் புனித சிசிலியா பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்கிறார். டிரம்மின் வார் தொங்குவது வலது தோளில். ஊர்வலத்துக்கு ஊர்வலம் அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இருபத்துநான்கு வயதில் அவர் முதன்முதலாக மரப்பெட்டியில் ஏறியபோது பதினொரு மில்லிமீட்டர் கீழே நின்றது. மற்ற கல்லூரிகளில் பாதி உடம்புக்குத்தான் பேட்டர்ன் எடுப்பார்கள். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் மறுபாதி தானாகவே வந்துவிடும், தோள் இரண்டும் சமமாக இருக்கும். அப்போது இளைஞராக இருந்த ஃபிர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. பாதி மனுஷியை யாரும் தெருவில் பார்த்ததில்லை என்று சொல்லி, முழு உடம்புக்கும் துணி சுற்றி, கண்ணில் பட்டதை அப்படியே காகிதத்தில் இறக்கினார். அதுதான் கல்லூரியின் அடிப்படை பேட்டர்ன். முப்பத்துமூன்று வகுப்புகள் அதை நகலெடுத்து வெளியே போயின.

ஏப்ரல் கடைசியில் வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. மே எட்டாம் தேதி காய்கறித் தோலில் சாயம் எடுப்பது பற்றி விரிவுரை. பதினைந்தாம் தேதி பழைய துணி மாற்றுச் சந்தை. இருபத்திரண்டு, ‘நிலையான உடல்’ என்ற கருத்தரங்கு. ஜூன் ஆறு, இறுதியாண்டு மாணவர்களின் ஆடை அணிவகுப்பு. ஜூன் இருபது, ஃபிர்மேனுக்குப் பிரிவு உபசாரம், சிற்றுண்டி உண்டு. எல்லோருக்கும் கடைசி வரி மட்டும் நினைவில் நின்றது. லுட்கார்ட் மட்டும் பட்டியலை முழுதாகப் படிப்பார், எந்த நாளில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. கருத்தரங்கின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ‘11.30: நமது அடிப்படை பேட்டர்னில் உள்ள பிழை. உயிருள்ள மாதிரியில் செயல்விளக்கம்.’

கல்லூரியில் உயிருள்ள மாதிரி ஒருவர்தான். அவர் நேராக இயக்குநர் பெர்னடெட் கூமன்ஸின் அறைக்குப் போனார்.

“மேடம், இருபத்திரண்டாம் தேதி என்னை மேடையேத்தி, பிழைன்னு காட்டப் போறீங்களா?”

“ஐயோ லுட்கார்ட், அது உங்களைப் பத்தி இல்ல. பேட்டர்னைப் பத்தி.”

“பேட்டர்னே என்னைப் பத்தினதுதானே மேடம்.”

இயக்குநர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். “ரோட்டர்டாம்லேர்ந்து முனைவர் மார்லீஸ் ஒரு ஸ்கேனர் கொண்டு வராங்க. கோட்டு சரியுதுன்னு ஊரே சிரிக்குது. தப்பு பேப்பர்லயா, உடம்புலயான்னு அது சொல்லிடும். பேப்பர்னா கிழிச்சுப் போட்டுட்டு புதுசு வரையலாம்.”

“உடம்புன்னா?”

“உடம்புன்னா, செப்டம்பர்லேர்ந்து வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும். நிலையான அளவுன்னு நாமளே சொல்லிட்டு, அது சாஞ்சு நின்னா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

லுட்கார்ட் கதவைச் சாத்திவிட்டு வெட்டறைப் பக்கம் நடந்தார். ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி. அசையாமல் நிற்கத் தெரியும் என்ற தகுதியோடு ஐம்பத்தேழு வயதில் வேறெங்கே வேலை கேட்பது?

வெட்டறையில் ஃபிர்மேன் கத்திரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து, தோளை உயர்த்திக் காட்ட உள்ளே வைக்கிற பஞ்சுப் பேட் ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார்.

“பதினொரு மில்லி. உடுப்புக்கு உள்பக்கமா நானே தச்சு வைக்கறேன். மெஷின் என்ன, உன் மாமியார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

“அப்ப தப்பு பேப்பர்லன்னு ஆயிடும்.”

“ஆகட்டுமே.”

“பேப்பர் நீ வரைஞ்சது, ஃபிர்மேன்.”

“லுட்ஜே, ஜூன் முப்பதோட நான் வீட்டுக்குப் போறேன். கடற்கரையோரம் ஒரு சின்ன ஃப்ளாட், ஒரு நாற்காலி, ரெண்டு தூண்டில். என்னை யாரு என்ன பண்ணிட முடியும்? கிழவனுக்கு அளக்கத் தெரியலன்னு ஒரு வாரம் பேசுவாங்க. அடுத்த வாரம் அணிவகுப்பு வந்துடும்.”

“நீ பாத்துட்டுத்தானே அப்படி வெட்டுன?”

“பாத்துட்டுத்தான். உடம்பு அப்படி இருந்துச்சு, துணியும் அப்படி இருந்துச்சு. பொய்யா சொல்லச் சொல்றே?”

“இப்ப சொல்லச் சொல்றியே.”

“இப்ப வயசாயிடுச்சு.”

வீட்டில் ஓமேர் வேறு விதமாகப் பார்த்தார். அவர் ரயில்வேயில் கார்டு. “முப்பத்திமூணு வருஷம் தோளை வாடகைக்கு எடுத்துட்டு, இப்ப ஒழுகுதுன்னு சொல்றாங்களா? வளைவுல ரெண்டு தண்டவாளமும் ஒரே உயரத்துல இருக்காது, தெரியுமா? அதுக்காக ரயிலை யாரும் நிறுத்தினதில்ல.”

“உன் ரயிலுக்கு இன்னும் அஞ்சு வருஷம் சம்பளம் வர வேண்டியதில்ல, ஓமேர்.”

“பேடை வச்சுக்கோ,” என்றார் ஓமேர்.

கருத்தரங்கு அன்று இருநூறு நாற்காலி போட்டு நூற்றுநாற்பது பேர் வந்தார்கள். அதில் அறுபது பேருக்கு வருகைப் பதிவு கட்டாயம். இயக்குநரின் ஐந்து நிமிட வரவேற்புரை இருபத்தைந்து நிமிடம் நடந்தது. பதினொன்றரை மணிச் செயல்விளக்கம் பன்னிரண்டுக்கு ஆரம்பமானது. ஸ்கேனர் பார்ப்பதற்குக் குளியலறைத் தடுப்பு மாதிரி இருந்தது. தோல்நிற உடுப்பில் லுட்கார்ட் அதற்குள் போய் நின்றார். உள்ளே, வலது தோளில், காலையில் ஃபிர்மேன் போட்ட ஆறு தையலில் பேட் உட்கார்ந்திருந்தது. திரையில் சாம்பல்நிறத்தில் ஒரு பெண் எழுந்து மெதுவாகச் சுழன்றாள்.

“வித்தியாசம் அரை மில்லிமீட்டர்,” என்று படித்தார் முனைவர் மார்லீஸ். “அதாவது, வித்தியாசமே இல்ல.”

அரங்கத்துத் தலைகள் எல்லாம் இரண்டாம் வரிசையில் இருந்த ஃபிர்மேன் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். “அப்ப தப்பு என்னோடதுதான். அளந்தது நான், வரைஞ்சதும் நான்.”

“முப்பத்திமூணு வருஷமா?” என்றாள் பின்வரிசையில் ஓர் இறுதியாண்டு மாணவி. “அணிவகுப்புக்கு நான் வெட்டின ஆறு கோட்டும் போச்சா, சார்?”

“சாயுதுன்னு தெரிஞ்சுமா ஆறு வெட்டினே?” என்றான் பக்கத்திலிருந்தவன்.

“ஸ்டைலுன்னு நினைச்சேன்டா.”

சிரிப்பு எழுந்தது. இயக்குநர் ஃபிர்மேனைப் பார்த்து, மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி தலையசைத்தார். லுட்கார்ட் ஸ்கேனருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமல் இறங்கிப் பழக்கமும் இல்லை. ஃபிர்மேனின் காதுமடல் சிவப்பது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

“நான் இன்னும் முடிக்கல,” என்றார் முனைவர் மார்லீஸ். திரையில் இன்னொரு சாம்பல்நிறப் பெண் வந்தாள். “இது நாங்க அளந்த நாலாயிரம் பெண்களோட சராசரி. வலது தோளைப் பாருங்க. பத்து மில்லிமீட்டர் கீழ இருக்கு. பை மாட்டறோம், குழந்தையைத் தூக்கறோம், எல்லாம் ஒரே பக்கம். நான் பாத்த கல்லூரிகள்லயே நிஜ உடம்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற பேட்டர்ன் உங்களோடதுதான். ஊர் சிரிக்கட்டும், கோட்டு உடம்புல உட்காருதில்ல?”

இயக்குநரின் முகம் மலரத் தொடங்கியது.

“எனக்குப் புரியாதது ஒண்ணுதான்,” என்று முனைவர் தொடர்ந்தார். “இவங்க தோள் ரெண்டும் துல்லியமா சமம். நாலாயிரத்துல மூணு பேருக்குத்தான் இப்படி. இந்த உடம்புலேர்ந்து அந்தப் பேட்டர்ன் வந்திருக்கவே முடியாது. மன்னிக்கணும் மேடம், நீங்க ரொம்ப அபூர்வம். சராசரிக்கு ஒத்து வர மாட்டீங்க. கல்லூரி வேற ஒருத்தரைப் பாக்கறது நல்லது.”

லுட்கார்ட் இந்தக் கணக்கை இரண்டு முறை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். தோள் சாய்ந்திருந்தால் வேலை போகும் என்றார்கள், நிமிர்த்திக்கொண்டு வந்தார். இப்போது நிமிர்ந்திருப்பதால் போகிறது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரி என்று போகலாம். எந்தப் பக்கம் போனாலும் செப்டம்பர்தான். ஆனால் ஒரு பக்கத்தில் ஃபிர்மேன் பழியில்லாமல் உட்கார்ந்துகொள்ளலாம்.

“யாராவது ஒரு கத்திரி தரீங்களா?” என்றார்.

ஆடைக்கலைக் கல்லூரி அரங்கம் அது. நாற்பது கத்திரிகள் நீண்டன. பக்கத்திலிருந்ததை வாங்கி, கழுத்துப் பக்கமாக விட்டு ஆறு தையலையும் அறுத்து, பேடை உருவி முனைவரின் கணினிமேல் வைத்தார்.

“இப்ப எடுங்க.”

திரைப்பெண் மறுபடி எழுந்தாள். பதினொரு மில்லிமீட்டர்.

“ஏன் இதை வச்சுக்கிட்டீங்க?” என்று முனைவர் கேட்டார், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

“நேரா இருக்கணும்னு சொன்னாங்க மேடம்.”

இயக்குநர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டி, அடுத்தது மதிய உணவு என்று அறிவித்தார்.

சூப் வரிசையில் ஃபிர்மேன் பின்னாலிருந்து லுட்கார்டின் முழங்கையை இடித்தார். “நாலு நிமிஷம். நூத்திநாப்பது பேர் முன்னால என்னைத் திருடன் மாதிரி நிக்க வச்சுட்டே. எனக்கு ஒரு வ்லாய் கடன்பட்டிருக்கே.” வ்லாய் என்பது ஆல்ஸ்டின் பழுப்புநிற இனிப்பு. ஊருக்கு வெளியே யாரும் அதைச் செய்வதில்லை, கேட்பதுமில்லை.

“யோசனை உன்னோடது.”

“யோசனை என்னோடது, பேடு உன் தோள்ல. முழு வ்லாய், லுட்ஜே. துண்டு இல்ல.”

கல்லூரி நிர்வாகம் சும்மா விடுமா? ஆய்வுத் தரவைத் திரித்த குற்றத்துக்கு லுட்கார்டுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை தருவதென்று அடுத்த வாரம் முடிவானது. கடிதம் அடிக்க உட்கார்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. லுட்கார்ட் பணியாளர் பட்டியலிலேயே இல்லை. முப்பத்துமூன்று வருடமாக அவர் கற்பித்தல் சாதனங்கள் என்ற தலைப்பில், டம்மி பொம்மைகளுக்கும் இஸ்திரி மேசைகளுக்கும் நடுவில் இருந்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் சாதனத்தைப் புதுப்பிப்பதுபோல் அவரையும் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். சாதனத்துக்கு எச்சரிக்கை தர விதி கிடையாது. ஆகவே முதலில் அவரைப் பணியாளராக்கி, பிறகு எச்சரித்தார்கள். பணியாளராகிவிட்டவரை செப்டம்பரில் அனுப்ப முடியாது, அதற்கு மூன்று குழுக்கள் கூட வேண்டும் என்று தொழிற்சங்கத்துக்காரர் வந்து விளக்கிவிட்டுப் போனார். இயக்குநர் அந்தக் குழுக்களைக் கூட்ட விரும்பவில்லை. ரோட்டர்டாமிலிருந்து முனைவர் மார்லீஸ் வேறு, அந்தத் தோள் பத்திரம் என்று எழுதியிருந்தார்.

ஜூன் ஆறாம் தேதி அணிவகுப்பில் ஆறு கோட்டுகளும் வலது பக்கம் சரிந்தபடியே நடந்து போயின. இருபதாம் தேதி பிரிவு உபசாரத்தில் சிற்றுண்டி உண்டென்று போட்டிருந்தது, சீஸ் துண்டும் உப்பு பிஸ்கட்டும் இருந்தன. வ்லாய் இல்லை. பேக்கரிக்காரர் குடும்பத்தோடு விடுமுறையில் போயிருந்தார். மாதக் கடைசியில் ஃபிர்மேனும் தூண்டில்களோடு கடற்கரைக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைபேசியில் வந்தார்.

“எங்கே என் வ்லாய்?”

“பாதிதான். மீதிப் பாதி உன் யோசனைக்குக் கழிச்சாச்சு.”

“பாதி மனுஷிக்கே நான் பேட்டர்ன் எடுத்ததில்ல, பாதி வ்லாயா வாங்குவேன்?”

“அப்ப கிடையாது.”

லுட்கார்ட் பேக்கரியில் விசாரித்துப் பார்த்தார். பாதியாக விற்பதில்லை என்றார்கள். முழுசாக வாங்கினால் மீதிப் பாதி வீட்டில் இருக்கும், இருந்தால் அவர்தான் தின்பார். திங்கட்கிழமை அளவெடுக்க வெட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் டேப்பை இறுக்கிப் பிடிக்கிற வகை இல்லை. ஃபிர்மேன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.