பழைய துவக்கும் பிழையில்லாத கதிர்காமநாதனும்

எண்ணெய் டப்பாவின் மூக்கைத் துவக்கின் வயிற்றுக்குள் நுழைத்து, உள்ளே கொளகொளவென்று சத்தம் கேட்கும்வரை அமுக்குகிறார் கதிர்காமநாதன். வெள்ளிக்கிழமை மாலைகளில் தவறாமல் நடக்கும் அபிஷேகம் இது. ஆக்லாந்து நகரத்து மவுண்ட் ஆல்பர்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து அதன்மேல் அந்த வேட்டைத் துப்பாக்கியைக் கிடத்தியிருப்பார். மனைவி நிலானி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்.

“எண்ணெய் காணாது. அதுதான் முரண்டு பிடிக்குது.”

“போன கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள்,” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவர் டப்பாவை இன்னொருமுறை அமுக்குவார்.

கார் விபத்துகளில் பிழை யார் பக்கம் என்று தீர்மானிப்பது அவருடைய தொழில். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வெகுகாலமாக இதைச் செய்கிறார். நசுங்கிய பம்பரின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இடித்தவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். தன்னுடைய கார் கராஜ் சுவரில் இடித்தபோது, சுவரைக் கட்டியவனிடம் பிழை கண்டார்.

துவக்கு, மாசி என்ற புறநகரில் ஒருவரிடம் வாங்கியது. ஒருமுறை சுட்டால் அந்த வெடியின் அழுத்தமே உள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ளும். வெற்றுக் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா தானே மேலே வரும். வர வேண்டும். கதிர்காமநாதனின் கையிலோ அது பாதி வழியில் மூக்கை நீட்டியபடி நின்றுவிடும். முதலில் தோட்டாவைச் சந்தேகித்துக் கம்பெனியை மாற்றினார். பிறகு ஆக்லாந்தின் ஈரக் காற்று. பிறகு விற்றவர். தொலைபேசியில் அந்த மனிதர், “என்னிடம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கழற்றித் துடைத்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்க, கதிர்காமநாதன் பேச்சைத் துண்டித்தார்.

“கதையைப் பார். என்னை ஊத்தையன் எண்டு சொல்லுறான்,” என்றார் நிலானியிடம்.

உண்மையில் ஒருமுறை கழற்றியிருந்தார், வீடியோ பார்த்து. வீடியோ முடியுமுன்பே திரும்பப் பூட்டியும்விட்டார்.

வாத்து வேட்டை தொடங்கச் சில வாரங்கள் இருந்தன. நண்பர் வசீகரன் தன் கூட்டாளிகளோடு நகருக்குத் தெற்கே வைக்காட்டோ பக்கம் போவது வழக்கம். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, வயதில் இளையவர். தானும் வருவதாகக் கதிர்காமநாதன் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். முதலில் துப்பாக்கிக் கிளப்பில், வானில் எறியப்படும் மண்தட்டுகளைச் சுட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்று வசீகரன் அழைத்துப் போனார். பார்வையாளராக நிலானியும் போனார்.

முதல் தட்டு நொறுங்கியது. இரண்டாவது தட்டு தன்பாட்டுக்குப் பறந்து போய்ப் புல்லில் இறங்கியது. துவக்கு சிக்கியிருந்தது. கதிர்காமநாதனுக்குக் கோபத்தைவிடத் திருப்திதான் மிகுந்தது. இத்தனை நாள் சொன்னதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதே. “இஞ்ச பாருங்கோ, நான் சொன்னனான்தானே,” என்று துவக்கோடு முழுதாகத் திரும்பினார்.

குழல்வாய் வசீகரனின் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

“அண்ணா, கீழ பிடிங்க, கீழ,” என்றபடியே வசீகரன் ஈரப் புல்லில் விழுந்தார். கிளப் பொறுப்பாளரான பெண்மணி பாய்ந்து வந்து குழலைத் தரைப்பக்கம் அமுக்கி, துவக்கைப் பறித்து, பாதியில் நின்ற தோட்டாவை வெளியே எடுத்தார். அவர் கையில் அது இருக்கும்போதும், “இதிலதான் நிக்குது, இதில,” என்று கதிர்காமநாதன் விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

புல்லிலிருந்து எழுந்து வந்து வசீகரன்தான் அதை மேசையில் வைத்துக் கழற்றினார். எண்ணெயும் கரியும் சேர்ந்து கறுப்பு அல்வா போலப் பிஸ்டனை மூடியிருந்தது.

“இவ்வளவு எண்ணெயா அண்ணா? கரியெல்லாம் இதுலதான் ஒட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் இந்த வளையம் தலைகீழா மாட்டியிருக்கு. அழுத்தமெல்லாம் இதுவழியா வெளிய போயிடும். பிஸ்டன் எப்படித் தள்ளும்?”

“அது நான் வேணுமெண்டுதான் அப்பிடிப் போட்டனான்.”

“எதுக்கு?”

கதிர்காமநாதன் தூரத்து மரங்களைச் சற்றுப் பார்த்தார். “ஒரு பரிசோதனைக்கு.”

வசீகரன் எல்லாவற்றையும் உலரத் துடைத்து, வளையத்தைத் திருப்பி மாட்டினார். பொறுப்பாளர் தானே சுட்டுப் பார்த்தார். தோட்டாக்கள் மறுபேச்சில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. துவக்கில் பிழையில்லை என்று ஊரறியத் தெரிந்துபோனதில் கதிர்காமநாதனின் முகம் வாடிவிட்டது. பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி முடிக்கும்வரை இந்தப் பக்கம் சுட வரவேண்டாம் என்று சொல்லி அந்தப் பெண்மணி துவக்கை உறையிலிட்டுக் கொடுத்தார். “வாத்துக்கு இந்த வருஷம் வேணாம் அண்ணா,” என்றார் வசீகரன், முகத்தைப் பார்க்காமல்.

கார் நிறுத்துமிடத்தில் நிலானி கணவரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உது வெடிச்சிருந்தால் அந்தத் தம்பியின்ர வைஃபுக்கு நாங்கள் என்ன சொல்லியிருப்பம்? போய் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்கோ.”

கதிர்காமநாதன் போனார். தன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த வசீகரன், அவர் வருவதைக் கண்டு, மனம் இளகியவராக இரண்டடி முன்னால் வந்தார்.

“தம்பி, ஒண்டு சொல்லுறன், பிழையா நினைக்காதேங்கோ,” என்றார் கதிர்காமநாதன், மிகவும் இதமாக. “நீங்கள் நிண்ட இடம் சரியில்லை.”

சொல்லிவிட்டு, வசீகரனின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஈரப் புல்லை விரல் நுனியால் தட்டிவிட்டார்.