அந்த நட்சத்திரம் இருக்கிறதா

வலயக் கல்விக் கந்தோருக்கு ஒரு தொலைநோக்கி வந்து சேர்ந்தபோது, அதை யார் பொறுப்பெடுப்பது என்ற கேள்விக்கு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் அங்கே விஞ்ஞான பாட ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பிய அந்தச் சாமானை அதன் முக்காலியோடு சேர்த்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சனங்களுக்கு வானத்தைக் காட்டவேண்டும் என்று பணிப்பாளர் சொன்னார். வாகனம் தரப்படும் என்றும் சொன்னார். சில நாட்களில் மட்டும் தரப்பட்டது.

முதல் கொஞ்சக் காலம் நான் தனியாகப் போனேன். சனம் வரிசையில் நின்று சந்திரனைப் பார்த்தது, "ஆ" என்றது, கச்சான் கடலை வாங்கப் போனது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒளியாண்டு என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கும்போது முன்வரிசைக் கதிரைகளில் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள், மரியாதைக்காக. விளக்கம் முடிந்ததும் ஒருவர் எழும்பி, சந்திரனில் ஆள் போனது உண்மைதானோ என்று கேட்பார். இன்னொருவர் தன் மகளின் சாதகத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பார். எல்லா ஊரிலும் இதே இரண்டு பேரும் இருந்தார்கள். காற்று மண்ணை அள்ளி வந்து தொலைநோக்கியின் திருகாணிகளில் போடும். வீட்டுக்கு வந்து தூரிகையால் அதைத் துடைத்துக்கொண்டு இருக்கும்போது, இதை யாருக்காகச் செய்கிறேன் என்று நினைப்பேன்.

அந்த நேரத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார். முசலிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் ஆசிரியர், கவிதை எழுதுகிறவர். சின்ன வயதில், முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, குடும்பத்தோடு ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போகவேண்டி வந்து, யுத்தம் முடிந்தபின் திரும்பியவர். அவருடைய பாடசாலையில் நான் கூட்டம் வைத்த அன்று, நன்றியுரைக்கு எழும்பியவர், நன்றியை மறந்துவிட்டு நட்சத்திரங்களைப் பற்றித் தான் எழுதிய ஒரு கவிதையைச் சொன்னார். கச்சான் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டேன். பிறகு கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நான் கொஞ்சம் சொல்லுவேன், அவர் ஒரு கவிதை படிப்பார், நான் மறுபடி கொஞ்சம் சொல்லுவேன். சனம் கடைசிவரை இருந்தது.

எல்லோருக்கும் பிடித்த கவிதை முதல்நாள் அவர் சொன்ன அதே கவிதைதான். வானம் ஒரு பெரிய மையவாடி, அடக்கம் செய்யும் இடம், என்று தொடங்கும். நாம் காண்பது விளக்குகளை அல்ல, அணைந்துபோன விளக்குகள் அனுப்பிவிட்ட வெளிச்சத்தை என்று போகும். அவர் குரலில் அதைக் கேட்டுக் கண் துடைக்காத ஊர் இல்லை.

எனக்கு அந்தக் கவிதை ஒவ்வொரு முறையும் பல்லில் கல் கடிபட்டது போல இருந்தது. காரணம், அது பிழை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் அனேகமாக எல்லாமே இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் ஆயுளோடு பார்த்தால் வெளிச்சம் வந்து சேர எடுக்கும் காலம் ஒன்றுமேயில்லை.

"சேர், அந்த ஒரு வரியை மட்டும் மாத்துங்கோவன்" என்று திரும்பி வரும் வழியில் சொல்லுவேன்.

"டீச்சர், உங்களுக்குச் சரி பிழை. எனக்கு ஓசை" என்று சிரிப்பார்.

நானும் அதற்குமேல் இழுப்பதில்லை. பகல் முழுக்கப் பாடசாலைகளில் பயிற்சிப் பட்டறை, பின்னேரம் இந்தக் கூட்டம், நடுவில் இராணுவ முகாமில் அனுமதி கேட்டு நிற்பது. ஒரு கவிதைக்காகச் சண்டை பிடிக்க உடம்பில் தெம்பு இருக்கவில்லை. அவர் படிக்கும்போது நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

தோட்டவெளியில் கத்தோலிக்கக் கோயில் வளவில் கூட்டம் வைத்தது தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். சிலுவைப்பாதை முடிந்து சனம் அப்படியே வளவில் இருந்தது. லைற்றுகளை அணைத்தார்கள். மேகம் இல்லை. நான் ஓரியன் கூட்டத்தைக் காட்டி, அதன் இடுப்புப் பட்டியைக் காட்டி முடித்தேன். அவர் எழும்பி, "வானம் ஒரு பெரிய மையவாடி" என்று தொடங்கினார். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழும்பி நின்றார். அறுபது வயதிருக்கும். தலையில் முக்காட்டுத் துணி அப்படியே இருந்தது.

"எல்லாம் செத்துப்போச்செண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஆரும் போய்ப் பாத்தவையோ?"

குரலில் கோபம் இல்லை. கந்தோர் யன்னலில் நின்று கேட்பதுபோல் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் யார் என்று அந்த வளவில் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியாது. கவிஞர் என்னைப் பார்த்தார். நான் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"இல்லை அம்மா, சாகேல்ல. கண்ணால பாக்கக்கூடிய நட்சத்திரங்கள் அனேகமா எல்லாம் இப்பவும் இருக்குது. அங்க பாருங்கோ, மாதா சொரூபம் இருக்கிற கெபிக்கு மேலால, நல்ல வெள்ளையா மினுங்குது. அதுக்குப் பேர் சிரியஸ். அதின்ர வெளிச்சம் எங்களிட்ட வந்துசேர எட்டரை வருசம் மட்டில எடுக்கும்."

"எட்டரை வருசம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். கொஞ்சம் யோசித்தார். "அப்ப இப்ப நான் பாக்கிறது, என்ர மகன் காணாமப்போன காலத்தில வெளிக்கிட்ட வெளிச்சம்."

"ஓம் அம்மா. கிட்டமுட்ட அந்தக் காலம்தான்."

"இப்பவும் அது இருக்குதோ?"

"இருக்குது."

நான் படித்ததற்கும் படிப்பித்ததற்கும் அதைவிட வேறு பதில் கிடையாது. ஆனால் சொல்லி முடித்ததும், அந்த வளவில் இருந்தவர்களின் காதில் விழுந்தது நட்சத்திரத்தைப் பற்றியதல்ல என்று தெரிந்தது. இன்னொரு பெண் சிலுவை அடையாளம் போட்டாள். யாரோ விசும்பினார்கள். அந்த அம்மா நேரே வந்து, சந்திரன் வேண்டாம், அந்த நட்சத்திரத்தைக் காட்டுங்கோ என்றார். காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"பெரிசாத் தெரியேல்லையே, பிள்ளை."

"எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலயும் அது புள்ளிதான் அம்மா. அவ்வளவு தூரம்."

"சரி" என்று எழும்பினார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. எல்லோருக்கும் அதே நட்சத்திரம் வேண்டியிருந்தது.

திரும்பும்போது சாரதி வானொலியைப் போட்டார், கவிஞர் கையை நீட்டி நிறுத்தினார்.

"நீங்கள் என்னைச் சனத்துக்கு முன்னால பொய்யனாக்கிப்போட்டியள், டீச்சர்."

"நான் எத்தினை தரம் உங்களிட்டத் தனியாச் சொன்னனான்?"

"அது நட்சத்திரத்தைப் பற்றி எழுதினது இல்லை." அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கட வாப்பா புத்தளத்தில அகதி முகாமிலதான் மௌத்தானவர். ஊருக்குப் போவம், ஊருக்குப் போவம் எண்டு சொல்லிக்கொண்டே. நாங்கள் திரும்பி வந்து பாக்கேக்க வீடு நிண்ட இடம் காடு. ஆனா அவர் சொன்னது சொன்னபடி இருந்தது. கிணறு எங்க, புளி எங்க எண்டு எல்லாம். ஆள் இல்லை, சொன்னது மட்டும் வந்து சேருது. அதைத்தான் எழுதினனான்."

எத்தனையோ ஊர்களில் கேட்ட கவிதை. அவருடைய தகப்பன் அதற்குள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். வாகனம் அவருடைய சந்தியில் நின்றது. "வாறன்" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனார்.

அதன்பிறகு சில நாட்கள் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு தாயிடம் "இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் அதை எப்படி எடுத்திருப்பார்? ஒரு பின்னேரம் பஸ் எடுத்துத் தோட்டவெளிக்குப் போய், கோயிலடியில் விசாரித்து அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் கருவாடு காயப்போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, பால் இல்லாத பிளேன்ரீ ஊற்றி வந்தார்.

"அண்டைக்குச் சொன்னது பற்றிக் கதைக்கத்தான் வந்தனான், அம்மா" என்று தொடங்கினேன். "நட்சத்திரத்துக்குச் சொல்லுற கணக்கு வேற. மனிசருக்கு அப்பிடி..."

அவர் கையைக் காட்டி மறித்தார்.

"நான் நட்சத்திரத்தைத்தான் கேட்டனான், பிள்ளை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

பிறகு கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கந்தோருக்குப் போனா மரணப் பத்திரம் எடுங்கோ எண்டுறாங்கள். சொந்தக்காரர் ஆத்துமாவுக்குப் பூசை குடுங்கோ எண்டுறினம். எல்லாருக்கும் அலுத்துப்போச்சு. எனக்கும் அலுப்புத்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. அண்டைக்குச் சிலுவைப்பாதை முடிஞ்சு, ஒண்டையும் யோசியாமல் மேல பாத்துக்கொண்டு இருப்பமெண்டு இருந்தனான். அந்தத் தம்பி வந்து வானமும் செத்துப்போச்செண்டுது. அதுதான் எழும்பினனான். வேற ஒண்டுமில்லை."

நான் கவிஞரின் வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அதை முதலே சொல்லியிருக்கலாமே. வாப்பாவுக்கு எண்டு சொல்லிப் படிச்சிருந்தா நான் ஏன் மறிக்கிறன்?"

போகும்போது பேப்பரில் சுற்றிக் கொஞ்சம் கருவாடு தந்தார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கவிஞர் கூட்டங்களுக்கு வந்தார், ஆனால் அந்தக் கவிதையைப் படிக்கவில்லை. புதிதாக ஒன்று எழுதினார். அதில் தூரங்களும் வெப்பநிலைகளும் எல்லாம் சரியாக இருந்தன. பாடப்புத்தகத்தை வெட்டி வெட்டிக் கீழே கீழே எழுதியதுபோல இருந்தது.

"எப்பிடி, டீச்சர்?"

"பிழை ஒண்டுமில்லை, சேர்."

"விளங்குது" என்று மடித்துப் பையில் வைத்தார். சனம் மறுபடி கச்சான் வாங்கப் போகத் தொடங்கியது. அந்த அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

மறிச்சுக்கட்டியில் கூட்டம் வைத்தது மழைக்கு முன். அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் அவரைப் போலவே ஊரை விட்டுப் போய்த் திரும்பியவர்கள். நான் பேசி முடித்ததும் அவர் எழும்பினார்.

"இப்ப படிக்கப்போறதில நட்சத்திரங்கள் செத்துப்போச்செண்டு வருது. அது பிழை. நட்சத்திரங்கள் இருக்குது, டீச்சர் அதைக் கணக்கோட சொல்லுவா. இது எங்கட வாப்பாவைப் பற்றினது. அவர் இல்லை."

ஒரு வரியும் மாற்றாமல் படித்தார். நான் அன்று தண்ணீர் குடிக்கப் போகவில்லை. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு வயதானவர் இருந்த இடத்திலிருந்தே, "உங்கட வாப்பா எந்தப் பள்ளிக்குப் பக்கத்தில இருந்தவர்?" என்று கேட்டார். கவிஞர் சொன்னார். "அந்தக் கிணத்தில தண்ணி குடிச்சிருக்கிறன்" என்றார் அந்த வயதானவர். பிறகு இன்னொருவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஒரு பெண் தன் உம்மாவைப் பற்றி. தொலைநோக்கியடியில் நான் மட்டும் நின்றேன். ஒருவரும் வரவில்லை, எனக்கு அது குறையாகவும் படவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் பாயில் போய் இருந்துகொண்டேன்.

அடுத்த மாரியோடு தொலைநோக்கியின் கண்ணாடியில் உப்பும் பூஞ்சணமும் ஏறிவிட்டன. கொழும்புக்கு அனுப்பித் திருத்தலாம் என்று பணிப்பாளர் சொன்னார். அவர் மாற்றலாகிப் போனார், அடுத்தவரும் அதையே சொன்னார். நான் ஓய்வு பெற்றேன். கவிஞர் இப்போதும் பின்னேரங்களில் கவிதை படிக்க ஊர்களுக்குப் போகிறார், தொலைநோக்கி இல்லாமல். சில வேளை ஃபோன் எடுத்து, "டீச்சர், வாகனம் வருது, வாறியளோ?" என்று கேட்பார்.

"முழங்கால் விடுகுதில்லை, சேர்" என்பேன். அது உண்மை. "ரோகிணி நட்சத்திரம் எவ்வளவு தூரம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்பார் அவர். சொல்லுவேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்கும். பிறகு வைத்துவிடுவார். நான் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொள்ளுவேன்.