இரண்டு பட்டனும் என் சிரிப்பும்

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். யார் வேலைக்கு வந்தார்கள், யார் எந்தப் பக்கம் காபிப் பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதுகிற வேலை. தரகர் என் அப்பாவிடம் “மாப்பிள்ளை ரைட்டருங்க” என்று சொன்னது அதைத்தான். ஆள் நிஜமாகவே கவிதை எழுதுவார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா இன்னும் இரண்டு இடம் விசாரித்திருப்பார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மேல்மாடியில் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு சேலத்திலிருந்து எட்டுப் பத்து கவிஞர்கள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எழுதியதை வாசிப்பார்கள், அதைப் பற்றிப் பேசுவார்கள், சாயங்கால பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விடுவார்கள். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதில் தலை சுற்றி வந்து சேர்கிறவர்கள் முதல் அரைமணி நேரம் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

இவர்கள் பேசுவதெல்லாம் காற்றோடு போகக்கூடாது என்று என் வீட்டுக்காரருக்கு ஒருநாள் கவலை வந்து, ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். பதிவு செய்ய இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்த வேண்டும். பிரபஞ்சத்தை நாலு வரியில் அடக்குகிற ஆட்களுக்கு அது வரவில்லை. முதல் கூட்டத்தில் ஒரே பட்டனை அழுத்திவிட்டு, மூன்று மணி நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கம்பீரமாகப் பேசினார்கள். கேசட்டில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது. பட்டனை அழுத்தி, கேசட் முடிந்தால் திருப்பிப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இப்படித்தான் சேலத்துக் கவிதையின் காவலாளி ஆனேன்.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. கூட்டம் குறைந்து, நின்று, வாட்ஸ்அப் குழுவாக மாறிவிட்டது. கேசட்டெல்லாம் அலமாரி மேல் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. போன வருஷம் அந்தக் கவிஞர்களில் ஒருவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மகள் எனக்குப் போன் செய்தாள். “அப்பா குரல் எதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா?” என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன்.

எங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்குக் கவிதை, ஊறுகாய் என்ற வித்தியாசம் கிடையாது. டேப் சுருளெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். பால்பாயிண்ட் பேனாவை ஓட்டையில் விட்டுச் சுற்றினேன். பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். சரியாக ஏறுகிறதா என்று சத்தமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லோருக்கும் கவிதை இலவசம். கிளியூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, வேறொரு கவிஞரின் குரலைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “பாவம், செத்துட்டாருங்களா?” என்றார். இல்லைங்க, நல்லாத்தான் இருக்கிறார் என்றேன். விவசாயியின் முகத்தில் அதற்குப் பிறகு இரக்கம் இல்லை.

இறந்துபோனவரின் குரல் மூன்று கேசட்டில் கிடைத்தது. மகளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டு, கவிதை அவ்வளவாகப் புரியவில்லை, ஆனால் நடுவில் அப்பா தொண்டையைச் செருமுகிறாரே, அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்றாள். அந்தச் செருமலை வெட்டிவிடலாமா என்று யோசித்தவள் நான். அதன்பிறகுதான் மிச்சத்தையும் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொன்றாகக் குழுவில் போட ஆரம்பித்ததும் கவிஞர்கள் எழுந்துகொண்டார்கள். ஒருவருக்கு அவர் இருமல் வேண்டாம். ஒருவர் அந்தக் கவிதையைப் பிறகு திருத்திவிட்டாராம், இப்போது வாசித்து அனுப்புகிறேன், பழைய இடத்தில் செருகிவிடுங்கள் என்றார். இன்னொருவர் தனியாக மெசேஜ் அனுப்பி, தன் கவிதைக்குப் பிறகு வரும் கைதட்டலைக் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கேட்டார். யாருக்கும் நான் எதுவும் செய்து தரவில்லை. மெஷினில் அந்த வசதி இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு கேசட்டில், சாப்பிடும் நேரத்தில் நான் நிறுத்த மறந்துபோய், மட்டன் குழம்பைப் பற்றிய விவாதம் முழுசாகப் பதிவாகியிருந்தது. அதைத்தான் எல்லோரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். கவிதையைப் பற்றி அவ்வளவு தெளிவாக அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை.

அப்புறம் பெரியவர் கூப்பிட்டார். காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலை. அவர் நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கும், உதட்டைப் பிதுக்கினால் அந்தக் கவிதை அன்றோடு சரி. மற்றவர் கவிதையில் ஒரு வரியைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத மனுஷன், நேராக ஒரு கூட்டத்தைக் குறிப்பிட்டுக் கேட்டார்.

“அந்த டீச்சரம்மா வந்த கூட்டம் இருக்குதுங்களா?”

இருக்கிறது, இன்னும் ஏற்றவில்லை என்றேன்.

“அதுல நான் சும்மா தமாஷுக்கு ஒண்ணு கேட்டிருப்பேன். அதை மட்டும் எடுத்துருங்க.”

எனக்கும் அந்த டீச்சரை ஞாபகம் இருந்தது. சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மேலே வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்தார். அப்புறம் வரவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேசட்டைத் துடைத்துப் போட்டேன். சின்னக் குரலில், வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரி ஒரே சீராக வாசித்திருந்தார்.

மூன்று பேர் சீட்டில்
நான்காவதாக உட்கார்ந்து
ஒரு தோளில் தூங்கிப்போனேன்.
இருபது வளைவும் முடிந்து
இறங்கும்போதுதான் பார்த்தேன்,
தோளுக்கு மேலே
ஒரு முகமும் இருந்தது.

வாசித்து முடித்தார். பிறகு பெரியவர் குரல். “அந்தத் தோள் யாருதுன்னு சொல்லீட்டீங்கன்னா கவிதை எங்களுக்குப் புரிஞ்சுரும்ங்க.”

உடனே ஒரு சிரிப்பு. எல்லோரும்தான் சிரித்தார்கள். ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. கடையில் அந்த நேரம் நல்லவேளை யாரும் இல்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். குறைத்தாலும் அது என் சிரிப்பாகத்தான் இருந்தது.

மெஷினில் இல்லாத வசதி அன்றைக்கு வந்துவிட்டது. கேள்வியை வெட்டினேன், சிரிப்பை வெட்டினேன், இரண்டு முனையையும் ஒட்டினேன். கவிதை முடிந்ததும் நேராக அடுத்தவர் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார். தையல் தெரியவே இல்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்குது. அந்தம்மா அதுக்கப்புறம் எதுக்கு வரவே இல்லைன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவே?”

இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில் எனக்கு முழுசாகப் புரிந்த வாக்கியங்களில் அது ஒன்று. கோபம் கோபமாக வந்தது. நீங்களும்தானே சிரித்தீர்கள் என்றேன். ஆமாம் என்றார். வெட்டியதைப் போடவும் மனசு வரவில்லை, வெட்டாததைப் போடவும் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் விசாரித்து டீச்சரின் நம்பரை வாங்கினேன்.

அவர் ரிட்டயர் ஆகிச் சேலத்திலேயே இருந்தார். யார் பேசுகிறேன் என்று சொன்னேன். கேசட் விஷயம் சொன்னேன். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றேன். நடுவில் ஏதேதோ உளறினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன் என்றெல்லாம்.

“மத்தவங்க சிரிச்சது ஞாபகம் இல்லீங்க,” என்றார் டீச்சர். “அந்த ரூம்புல பொம்பளைங்க நாம ரெண்டு பேருதான். அதனால நீங்க சிரிச்சது ஞாபகம் இருக்குது.”

அவர் குரலில் கோபம் இல்லை. திருத்தின பேப்பரில் மார்க் போடுகிற மாதிரி சொன்னார். அவரே கேட்டார், அந்தக் கவிதையை அனுப்ப முடியுமா என்று. எழுதிய தாளை அன்றைக்குப் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டுவிட்டாராம். வெட்டியதா, வெட்டாததா என்றேன். நடந்தது எதுவோ அது என்றார்.

அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, என் சிரிப்பு வருகிற இடத்தை மட்டும் கவனமாகக் கேட்கச் சொன்னார். அதை விட்டு வேறு எதை வேண்டுமானாலும் கேட்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மாட்டினேன். முதல் தடவை என் சிரிப்புதான். இரண்டாம் தடவையும் அதுதான். மூன்றாம் தடவை சிரிப்புக்கு அடியில் ஒரு சின்னக் குரல் ஓடியது.

“உங்க தோள் இல்லீங்க.”

நான் போனை எடுத்தபோது டீச்சர் லைனிலேயே இருந்தார். “நான் பதில் சொல்லாம வந்துட்டேன்னே இத்தனை வருஷமா நெனைச்சுட்டு இருந்தனுங்க,” என்றார். “சொல்லியிருக்கேன். உங்க சிரிப்புல எனக்கே கேக்கல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். அவ்வளவு நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஒன்றிரண்டு இடத்தில் மூக்கால் வந்தது. பிறகு, ஒன்றையும் வெட்ட வேண்டாம், என் சிரிப்பை வெட்டினால் பதிலும் போய்விடும் என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அவருடைய பதிலையும் சேர்த்துக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

பெரியவரிடம் நானே சொல்லிவிடுவதுதான் முறை. கூப்பிட்டேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் குப்பனூர் வழி பஸ்ஸில் ஏறி நேரில் வந்துவிட்டார். கடை ஸ்டூலில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினேன். நாலு தடவை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கே சொன்னார்களா, இப்போது சேர்த்ததா என்றார். கைதட்டலையே நீட்டத் தெரியாதவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதுங்க என்றேன். கவிதையையும் ஒரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, ஒலிப்பதிவு சுமார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டேன். ஹெட்போன் மாட்டிக் கேட்கவும் என்று ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் குழுவே அந்த மூன்று வார்த்தையாகிவிட்டது. யாராவது புதுக்கவிதை போட்டு, இதில் வருவது யார் என்று இன்னொருவர் கேட்டால், உடனே நாலு பேர் ‘உங்க தோள் இல்லீங்க’ என்று போட்டார்கள். பெரியவர் குழுவை விட்டு வெளியேறினார். எட்டாம் நாள் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காலை வணக்கம் போட்டார்.

மறுபடியும் ஒருநாள் எல்லோரும் மேலே வருவது என்று என் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்தார். டீச்சர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஆரஞ்சுப் பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஏற்காட்டுக்காரிக்கு ஏற்காட்டு ஆரஞ்சு. அவர் வாசித்தது அந்தப் பழைய கவிதையைத்தான். ஆனால் கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டார். ‘இறங்கும்போதுதான் பார்த்தேன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் போனில் பதிவு செய்தேன். இப்போதெல்லாம் ஒரே பட்டன்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள், அவர் ஜன்னலைப் பார்த்தார். டீச்சர்தான், “யாராச்சும் எதாச்சும் கேளுங்க, நொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கேன்,” என்றார்.

பெரியவர் மெதுவாகக் கேட்டார். “முகத்தை ஏனுங்க எடுத்துட்டீங்க?”

டீச்சர் யோசித்தார். முகம் இருந்தால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள், தூக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்றார். அப்படியென்றால் ‘பார்த்தேன்’ என்பதும் எதற்கு என்று பெரியவர் கேட்டார். இல்லை, அது வேண்டும் என்றார் டீச்சர். அந்த ஒரு வார்த்தை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிவு எதுவும் வரவில்லை. அந்த வார்த்தை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டே சொன்னேன், அது பதிவிலும் இருக்கிறது.